கத்தியும் பீரங்கியும்: ஹாங்காங் வங்கித் தலைமையகங்களும் ஃபெங் சுயியும்

வான்சாய்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹாங்காங்கில் ஆறு ஆண்டுகளாகக் கட்டுமானப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் நகரின் வணிகப் பகுதியான சென்ட்ரலுக்குக் கூட்டிப்போய் எச்எஸ்பிசி வங்கித் தலைமையகக் கட்டடத்தின் அடியில் நிறுத்திவிடுவேன். அதன் தரைத்தளத்துக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. குயின்ஸ் சாலையில் நுழைந்து டெவூ சாலையில் வெளியே வந்துவிடலாம். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், பெரிய மீனின் வயிற்றைக் கீழிருந்து பார்ப்பதுபோல வளைந்து தொங்கும் கண்ணாடிக் கூரை. அதைத் துளைத்துக்கொண்டு இரண்டு எஸ்கலேட்டர்கள் இறங்குகின்றன. கட்டடத்தில் மற்ற எல்லாம் நூல் பிடித்த நேர்க்கோடு. அவை மட்டும் கோணலாக நிற்கின்றன.

போன மாதம் வந்திருந்த என் சித்தப்பா நில அளவைத் துறையில் முப்பது ஆண்டு இருந்தவர். அவர் கண்ணில் அந்தக் கோணல்தான் முதலில் பட்டது. "இத்தனை கோடி கொட்டிக் கட்டியவன் படிக்கட்டை மட்டும் ஏன் சாய்த்து வைத்தான்?" என்று கேட்டார். ஃபெங் சுயி, அதாவது சீனர்களின் மனையடி சாஸ்திரம், பார்க்கும் ஆலோசகர் சொல்படி வைத்தது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "கட்டடத்தை வடிவமைத்தவர் நார்மன் ஃபாஸ்டர் என்று பெரிய பெயர் சொன்னாயே, அவருமா?" என்றார்.

ஆமாம், அவரும்தான். 1979-ல் போட்டியில் வென்று, 1985-ல் முடித்த கட்டடம் இது. 47 தளங்களையும் எட்டு எஃகுத் தூண்தொகுதிகளிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் தரையை இப்படி வெறுமையாக விட முடிந்தது. கழிப்பறைகளைக்கூட ஜப்பானில் பெட்டிபெட்டியாகச் செய்து கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். அவ்வளவு நவீனமான கட்டடத்துக்கு வரைபடத்தின் தொடக்கத்திலேயே மனையடி பார்ப்பவரின் யோசனையும் கேட்டிருக்கிறார்கள்.

சில நூறு மீட்டர் தள்ளி ஐ. எம். பெய் வடிவமைத்த பேங்க் ஆஃப் சைனா கோபுரம். 1990-ல் திறந்தது, உச்சிக் கம்பங்களோடு 367 மீட்டர். முழுக்க முக்கோணங்கள், கூர்முனைகள். அதன் ஒரு விளிம்பு எச்எஸ்பிசியையும் இன்னொன்று ஆளுநர் மாளிகையையும் கத்திபோல் வெட்டுகிறது என்று ஊரே பேசியது. பிரிட்டிஷ் ஆளுநர் எட்வர்ட் யூட் இறந்ததற்கு அதுவே காரணம் என்றார்கள். மாளிகையில் வில்லோ மரங்கள் நட்டார்கள். எச்எஸ்பிசியின் உச்சியிலிருக்கும் கிரேன்களைக் காட்டி, அவை கத்திக்குப் பதிலாக நீட்டிய பீரங்கிகள் என்பார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிறுவனம் நகரத்தின் நடுவில் தலைமையகம் எழுப்பும்போது எதிரில் நிற்பவர்களுக்கு ஏதோ சொல்கிறது. அதைத் திருப்பிக் கேள்வி கேட்கத் தெருவில் போகிறவனிடம் ஒரு மொழி இருக்கிறது என்றால், அது மதிப்புள்ள மொழி என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

நிறைசுமை எழுதியது:

தம்பி, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. நானும் கட்டுமானக் கணக்கில் பல்லாண்டு கழித்தவன், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

ஆளுநர் யூட் மறைந்தது 1986 டிசம்பரில், பெய்ஜிங் போயிருந்தபோது, தூக்கத்தில் வந்த மாரடைப்பால். கோபுரம் முழு உயரத்தை எட்டியது 1988 ஆகஸ்ட் 8. இடையில் இருபது மாதங்கள். கத்தி கொன்றது என்று சொல்லும்போது கத்திக்கு இன்னும் அலகே வைத்தாகவில்லை. இதைச் சரிபார்க்க ஒரு நாள்காட்டி போதும்.

அடுத்தது பீரங்கி. அந்தக் கிரேன்கள் முகப்பைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் வைத்தவை. ஃபாஸ்டரின் வடிவமைப்பிலேயே தூண்களின் தலையில் இருந்தவை. பக்கத்து வங்கி எழும்புவதற்கு முன்பே இருந்த பொருள் எப்படி அதற்குப் பதிலடி ஆகும்?

மூன்றாவது, நீங்கள் சொன்ன திறந்த தரை. மலையிலிருந்து டிராகன் இறங்கிக் கடலுக்குப் போக வழிவிட்டதாகக் கதை சொல்வார்கள். தரையைப் பொதுமக்கள் நடக்க விட்டுக்கொடுத்ததற்காக மனையில் கூடுதல் பரப்புக் கட்ட வங்கிக்கு அனுமதி கிடைத்தது. அது நகரத் திட்ட விதி. அந்த விதியை எழுதிய அதிகாரிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, டிராகனுக்குப் போய்விடுகிறது பெருமை. எனக்கு வருத்தம் அதில்தான்.

வான்சாய்வாசி எழுதியது:

ஐயா, யூட் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தேதிகளை நான் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததே இல்லை. கிரேன் விஷயத்திலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி வேறு. கதை பொய்யென்றால், இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாக ஏன் அதையே சொன்னார்கள்?

காயல் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். ரத்தினக்கல் வியாபாரத்துக்காக ஹாங்காங் வந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். நான் 1983-ல் வந்தேன், இருபத்திரண்டு வயது. கடை சிம் ஷா சுயியில். கல் கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஸ்டார் ஃபெர்ரியில் ஏறி அக்கரைக்குப் போவேன். எச்எஸ்பிசியின் எஃகு ஏறியதையும், பிறகு அந்தக் கோபுரம் ஏறியதையும் படகின் மேல்தட்டிலிருந்து வாரா வாரம் பார்த்தவன்.

அந்த ஆண்டுகளை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1983 செப்டம்பரில் ஹாங்காங் டாலர் சரிந்தது. கடைகளில் அரிசிப் பையும் கழிப்பறைத் தாளும் தீர்ந்துபோயின. அக்டோபரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டிவைத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்டன; 1997-ல் ஊர் கைமாறும் என்று முடிவாகிவிட்டது. எங்களிடம் கல் வாங்கும் சீன வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கனடாவுக்கு விண்ணப்பம் போட்டார்கள். யாரும் வாய் திறந்து பயம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த நேரத்தில் எழும்புகிறது பெய்ஜிங் அரசின் வங்கி, பிரிட்டிஷ்காரன் வங்கியை விட இரண்டு மடங்கு உயரத்தில். மாடி முடிந்த நாள் எட்டாம் மாதம் எட்டாம் தேதி, 88. கான்டனீஸ் மொழியில் எட்டு என்ற சொல் செழிப்பு என்ற சொல்லோடு ஒலி சேர்ந்து வரும், அதனால் நாள் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்துக் கடையில் கடிகாரம் விற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அரசியல் பேச்சே அவரிடம் இருக்காது. "அந்த முனை யாரைப் பார்க்கிறது பார்த்தாயா?" என்று மட்டும் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். அவரும் எதிர்பார்க்க மாட்டார். அவர் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

1997-ல் புதிய நிர்வாகத் தலைவராக வந்த துங் சீ-ஹுவா அந்த ஆளுநர் மாளிகையில் குடியேற மறுத்தார். ஃபெங் சுயிதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. ஊர் முழுக்கத் தலையாட்டியது.

அரும்பு எழுதியது:

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன், மிக்க நன்றி.

ஒரு அடிப்படைச் சந்தேகம். கூர்முனை ஏன் கெட்டது? எங்கள் ஊரில் தெரு நேராக வந்து வாசலில் முட்டினால் தெருக்குத்து என்று சொல்லிப் பிள்ளையார் வைப்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

வரைபலகை எழுதியது:

அரும்பு, நல்ல கேள்வி. சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாக வரைகலைஞராக இருக்கிறேன், எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். ச்சி என்ற உயிர்மூச்சு காற்றில் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்பது அடிப்படை நம்பிக்கை. ஆகவே பின்னால் மலை காற்றைத் தடுக்க வேண்டும், முன்னால் நீர் இருக்க வேண்டும், வருகிற பாதை வளைந்து வர வேண்டும். நேர்க்கோட்டில் பாய்ந்து வருவதும் கூர்முனையிலிருந்து கிளம்புவதும் ஷா எனப்படும் கெட்ட வேகம். தெருக்குத்து என்று நீ சொன்னது ஏறக்குறைய அதே பயம்தான். ஆனால் நம் மனையடி சாஸ்திரத்தில் ஈசானிய மூலை எந்த ஊரிலும் ஈசானிய மூலைதான். ஃபெங் சுயியில் இடத்தின் மலையும் நீரும் அண்டை வீடும்தான் முதலில். லுவோபான் என்ற திசைகாட்டித் தட்டை வைத்துத் திசையும் பார்ப்பார்கள். அதற்குத் தனிப் பள்ளி உண்டு. அண்டைக் கட்டடம் மாறினால் உன் கட்டடத்தின் பலனும் மாறிவிடும். அதனால்தான் ஹாங்காங்கில் இத்தனை சண்டை.

எச்எஸ்பிசியின் மனையே பாடப்புத்தக உதாரணம். பின்னால் விக்டோரியா சிகரம், முன்னால் துறைமுகம். எதிரில் ஸ்டாச்யூ சதுக்கத்தைக் கட்டடம் இல்லாமல் வெறுமையாக வைத்திருக்க வேண்டும் என்று 1901-லேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

பெய்க்குக் கிடைத்த மனை மோசமானது. சரிவு, சின்னது, மேம்பாலங்கள் சுற்றி வளைத்த இடம். அவர் கோபுரத்தின் இரு பக்கமும் நீர் இறங்கி ஓடும் தோட்டங்கள் வைத்தார். நான் அங்கே ஒரு மதியம் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து அடி தள்ளி லாரிகள் போகின்றன, காதில் நீர்ச் சத்தம்தான் விழுகிறது. ஃபெங் சுயி ஆசான் பார்த்தால் நீர் நல்லது என்பார். நான் ஒலியைப் பார்க்கிறேன். இருவரும் அதே கல்லில் உட்காரலாம்.

அந்தக் கோபுரத்தைப் பற்றி இன்னொன்று. காற்றுச் சுமை நியூயார்க்கைப் போல இரண்டு மடங்கு வரும் ஊர் அது. லெஸ்லி ராபர்ட்சன் என்ற பொறியாளரோடு சேர்ந்து, சுமையையெல்லாம் மூலைத் தூண்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குச் சட்டங்களை வைத்தார் பெய். முதல் வரைபடத்தில் அவை முகப்பில் பெருக்கல் குறிகளாக வரிசையாகத் தெரிந்தன. மரண தண்டனை பெற்றவன் பெயர்மேல் போடும் குறி அது, வங்கி முகத்தில் வேண்டாம் என்றார்கள் வங்கிக்காரர்கள். பெய் கிடைச்சட்டங்களை உள்ளே மறைத்துவிட்டார். மூலைவிட்டங்கள் மட்டும் மிஞ்சின, பெருக்கல் குறிகள் வைரங்களாகிவிட்டன.  பார்ப்பவன் கண்ணுக்கு மரியாதை கொடுத்ததால் கட்டடம் அழகானது. என் மாணவர்களுக்கு இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் சன்டெக் சிட்டி வேறு விதம். ஹாங்காங் முதலாளிகள் சேர்ந்து கட்டியது, அங்கே ஃபெங் சுயியே முதல் வரைபடம். ஐந்து கோபுரங்கள் இடது கையின் ஐந்து விரல்கள், கட்டைவிரல் மட்டும் குட்டை: நான்கு 45 மாடி, ஒன்று 18 மாடி. உள்ளங்கையில் செல்வ நீரூற்று. வழக்கமாக நீரூற்று மேலே பீய்ச்சி வெளியே சிதறும். இதில் பெரிய வெண்கல வளையத்திலிருந்து நீர் உள்நோக்கி விழுகிறது. பணம் கைக்குள் சேர வேண்டும் என்று.

நிறைசுமை எழுதியது:

வரைபலகை அம்மா, பெருக்கல் குறி விஷயம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஃபெங் சுயி இல்லையே, குறிகளைப் பற்றிய பொது அறிவு. நல்லது நடந்தால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதன் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். ஹாங்காங்கில் சைனாகெம் குழுமத்தின் தலைவி நினா வாங் 2007-ல் இறந்தார். அவருடைய ஃபெங் சுயி ஆலோசகர், சொத்து முழுவதும் தனக்கே என்று ஓர் உயிலை நீட்டினார். நிறுவனத்துக்குச் சொந்தமான இடங்களில் குழி தோண்டி, உள்ளே பொருள் புதைத்துப் பரிகாரம் செய்ததெல்லாம் நீதிமன்றத்தில் வெளிவந்தது. நினா வாங்கிடமிருந்து அவர் பெற்ற தொகை சுமார் இருநூறு கோடி ஹாங்காங் டாலர். உயில் போலி என்று தீர்ப்பாகி 2013-ல் அவருக்கு 12 ஆண்டு சிறை. பயந்தவரிடமிருந்து பறிக்கும் தொழிலுக்கு "தெருவின் மொழி" என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

வரைபலகை எழுதியது:

ஐயா, அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் பட்ட காயம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தலைமையகத்துக்கு உள்ளமைப்பு வரைந்தேன். திறப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர்கள் கூட்டிவந்த ஆசான் வரவேற்பு மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம். அதற்குப் பின்னால்தான் துப்புரவுப் பணியாளர்கள் உடை மாற்றும் அறை. மேசைக்கு இடம் வேண்டும் என்று அந்த அறையைத்தான் எடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிறகு படிக்கட்டின் கீழே துணி மாற்றினார்கள். நான் எதிர்த்துப் பேசினேன், போதிய அளவு பேசவில்லை. இன்னும் உறுத்துகிறது.

ஆசான் சொன்னதில் தீங்கு இல்லை. யாருடைய இடத்தை எடுத்து அதை நிறைவேற்றினார்கள் என்பதில்தான் தீங்கு. ஆலோசனைக் கூட்டத்தில் அந்தப் பெண்களில் ஒருவரை உட்கார வைத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் வேறு வழி சொல்லியிருப்பார்.

அரும்பு எழுதியது:

அக்கா, இதைப் படித்த பிறகு என் இந்தப் பருவத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அலுவலகக் கட்டடம்தான் தலைப்பு. துப்புரவுப் பணியாளர்களுக்கு அறையே வைக்கவில்லை. இன்றிரவு திருத்துகிறேன்.

வான்சாய்வாசி எழுதியது:

நிறைசுமை ஐயாவுக்கும் வரைபலகை அக்காவுக்கும் நன்றி. நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். தெருவின் மொழி என்று சொன்னேன். நிறுவனத்துக்குள் போய்க் கூலிக்கு அமர்ந்த பிறகு அது தெருவின் மொழியாக இருப்பதில்லை. காக்காவின் கடிகாரக் கடைக்காரர் பேசியதும் நினா வாங்கின் ஆலோசகர் பேசியதும் ஒரே சொற்கள், வேறு வேலை.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் லீ கா-ஷிங்கின் சியுங் காங் சென்டர் 1999-ல் எழுந்தது. 283 மீட்டர், பழைய ஹில்டன் ஹோட்டல் இருந்த மனை. பட்டையான சதுரப் பெட்டி, எந்த முனையும் யாரையும் குத்தவில்லை. ஊரிலேயே பெரிய பணக்காரர் தன் தலைமையகத்தை, கத்திக்கும் பீரங்கிக்கும் இடையில் அகப்படாத மாதிரி அடக்கமாகக் கட்டினார் என்று ஊர் சொல்கிறது. கட்டடக்கலையாக எனக்கு அது சலிப்பான பெட்டிதான். ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. கணினித் திரையில் தனியாகச் சுழற்றிப் பார்த்து வரைந்த எத்தனையோ கோபுரங்களில் அது இல்லை.

திறந்த தரையைப் பற்றி ஐயா சொன்ன நகரத் திட்ட விதியையும் ஏற்கிறேன். அந்தத் தரைக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண்கள் அட்டைப்பெட்டியை விரித்து அங்கே நாள் முழுக்க உட்காருகிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுமுறை. 2011 அக்டோபரில் வங்கிகளை எதிர்த்தவர்கள் அதே தரையில் கூடாரம் போட்டார்கள். வங்கி நீதிமன்றம் போய், 2012 செப்டம்பரில்தான் அவர்களை வெளியேற்ற முடிந்தது. தன் வயிற்றுக்கடியில் தன்னை எதிர்ப்பவனை ஏறக்குறைய ஓராண்டு வைத்திருந்த தலைமையகம் வேறு எங்கே இருக்கிறது?

காயல் காக்கா எழுதியது:

தம்பி, சிங்கங்களை விட்டுவிட்டீர்களே.

வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள்: வாய் திறந்தது ஸ்டீபன், வாய் மூடியது ஸ்டிட். வங்கியின் பழைய மேலாளர்கள் இருவரின் பெயர்கள். 1935-ல் பழைய கட்டடத்துக்காக ஷாங்காயில் வார்த்தவை. போரில் ஜப்பானியர் உருக்குவதற்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உருகாமல் தப்பி 1946-ல் திரும்பி வந்தன. ஸ்டீபனின் பின்பக்கத்தில் 1941 சண்டையின் தழும்புகள் உண்டு.

புதுக் கட்டடத்துக்காக அவற்றை இடம் மாற்றியபோதும் திரும்பக் கொண்டுவந்தபோதும் ஃபெங் சுயி ஆசான்களைக் கேட்டே செய்தார்கள். வங்கித் தலைவரே வந்து நின்றார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, இன்றும் நான் நம்புவதில்லை. ஆனால் ஊர்மக்கள் நேசிக்கும் ஒரு பொருளைத் தொடுமுன் ஊர்மக்கள் மதிப்பவரைக் கேட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2020 புத்தாண்டு நாளில் போராட்டத்தில் அந்தச் சிங்கங்களுக்குத் தீ வைத்தார்கள். கண்ணில் சிவப்புச் சாயம். செய்தியில் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேசப்போவதில்லை. பல மாதம் பலகை வைத்து மூடியிருந்து, அக்டோபரில் திறந்தார்கள். நான் மறுநாள் போனேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனைத் தூக்கிப் பாதத்தைத் தொடவைத்துக்கொண்டிருந்தாள்.

வான்சாய்வாசி எழுதியது:

இந்த இழையை அப்படியே சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி, கோணம் எத்தனை பாகை? அதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

ஆகவே நேற்று ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். எஸ்கலேட்டர் அடியில் நான்கு பெண்கள் அட்டை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரைக்கல் வரிசையிலிருந்து அளக்க வேண்டும் என்று சொன்னதும் பாத்திரங்களை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். எதற்கு என்று ஒருவர் கேட்டார். படிக்கட்டு ஏன் சாய்ந்திருக்கிறது என்று என் சித்தப்பா கேட்கிறார் என்றேன். அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஆனால் காலை ஏழு மணிக்கே வந்து இந்தப் பக்கம்தான் பிடிப்போம், அந்தப் பக்கம் காற்று வராது என்றார். நாடாவின் மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.